பரீட்சை மண்டபத்தில் மெய்நிகர் பொறி

பரீட்சை என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன யாவை? முத்திரையிட்ட உறை, அதனைப் பரீட்சார்த்திகளின் முன்னிலையிலே திறக்கும் மேற்பார்வையாளர், இடைவெளி விட்டு வரிசையாக இடப்பட்ட மேசைகள், சுவரிலே ஒரு மணிக்கூடு. இத்துணைக் கட்டுப்பாடும் எதற்காக? யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், மட்டக்களப்புப் பிள்ளையும், மலையகத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வினாவுக்கு ஒரே நிலையில் நின்று விடை எழுத வேண்டும் என்பதற்காகவே. எழுதுகருவியால் அங்கே வேற்றுமை நேர்வதில்லை. மலிவான பேனையால் எழுதினும், மாமன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பேனையால் எழுதினும், இரண்டும் இரண்டும் நான்கேயாகும்.

அதே பிள்ளைகளைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று, ‘நிரல் ஒன்றை எழுதி இயக்கிக் காட்டுக’ என்று பணிக்கும்போது நிலைமை வேறாகிவிடுகின்றது. இங்கே எழுதுகருவி ஊமையன்று. அதுவும் பேசுகின்றது, சிற்சில வேளைகளில் விடையையே மாற்றியும் சொல்லுகின்றது.

நமது பாடசாலைகளின் கணினி அறைகள் ஒரே நாளில் அமைந்தவை அல்ல. பழைய மாணவர் சங்கத்தார் ஐந்து கணினிகளைத் தந்திருப்பர். கடல் கடந்து வாழும் அன்பர் ஒருவர் மூன்றினை அனுப்பியிருப்பார். அரசாங்கம் வழங்கியவை பத்து இருக்கும். ஒன்றில் விண்டோஸ் 7, இன்னொன்றில் விண்டோஸ் 10, மூலையிலுள்ள ஒன்றில் என்றோ எவரோ நிறுவிச் சென்ற லினக்ஸ். காலையிற் பயின்ற மாணவன் ஓர் எழுத்துருவை நீக்கிவிட்டுப் போயிருப்பான். மாலையில் வந்தவன் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருப்பான். பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்த தமிழ்க் கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாய்த் தோன்றக் கண்டு திகைக்காதார் நம்மில் யார்?

எழுத்துருவாவது கண்ணுக்குத் தெரியும் குறை. கண்ணுக்குத் தெரியாத குறைகளே கொடியவை. நமது உயர்தர வகுப்பு மாணாக்கர் பைதன் என்னும் நிரல்மொழியைக் கற்கின்றனர் என்பது பெற்றோர் பலருக்குத் தெரிந்ததே. அம்மொழியின் இரண்டாம் பதிப்பிலே ஏழை இரண்டால் வகுக்குமாறு சொன்னால், கணினி ‘3’ என்று விடை தரும், மிச்சத்தைத் தள்ளிவிடும். 2008 ஆம் ஆண்டு திசெம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பிலோ அதே கட்டளைக்கு ‘3.5’ என்னும் விடை வரும். இரண்டாம் பதிப்புக்குரிய பராமரிப்பு 2020 சனவரி முதலாந் திகதியோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டதேயொழிய, பழைய கணினிகளிலிருந்து அது தானாக அழிந்து போய்விடவில்லை.

இதனால் நேரக்கூடிய தீங்கு எத்தகையது என்பதற்கு நான் அறிந்த நிகழ்ச்சி ஒன்று சான்று. ஒரு பாடசாலையிலே, அதன் பெயர் இங்கு வேண்டா, தவணைப் பரீட்சையில், இரு புள்ளிகளின் சராசரியைக் காணும் நிரல் ஒன்று கேட்கப்பட்டது. 61, 64 ஆகிய எண்களைக் கொடுத்தால் 62.5 வர வேண்டும். மூலையிலிருந்த பழைய கணினியின் முன் அமர்ந்த மாணவி பிழையின்றியே நிரலை எழுதினாள். கணினி 62 என்றது. வீட்டிலே மூன்றாம் பதிப்பிற் பழகிய அப்பிள்ளை, கணினி பிழைக்காது என்று நம்பி, தன் அறிவின் மீதே ஐயுறவு கொண்டாள். அழித்து எழுதினாள், மீண்டும் அழித்து எழுதினாள், ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழிந்தது. ஈற்றில் சரியாக இருந்த நிரலைப் பிழையாக்கிச் சமர்ப்பித்தாள். பக்கத்து மேசையில் அமர்ந்த பிள்ளையோ அதே நிரலை எழுதி, முதல் முயற்சியிலேயே சரியான விடையைக் கண்டு எழுந்து போய்விட்டான். இங்கே சோதிக்கப்பட்டது யாருடைய அறிவு? ஆசனம் ஒதுக்கியவருடைய அதிர்ஷ்டச் சீட்டே சோதிக்கப்பட்டது என்று நான் சொல்வேன்.

ஆகவே, கணினியிற் பரீட்சை நடத்துவதானால், கணினியும் வினாத்தாளின் ஒரு பகுதியே. வினாத்தாளை அச்சிடுவதுபோலக் கணினியையும் அச்சிட்டுக் கொடுக்க வழியுண்டா? உண்டு. அவ்வழியின் பெயரே மெய்நிகர் பொறி.

மெய்நிகர் பொறி என்பது கணினிக்குள்ளே இயங்கும் கணினி. அதற்கெனத் தனி நினைவகம், தனி வட்டு, தனி இயக்க முறைமை எல்லாம் உண்டு. ஆனால் அதன் வட்டு என்பது உண்மையில் புறக் கணினியிலுள்ள ஒரு பெரிய கோப்பு மாத்திரமே. உள்ளே இயங்கும் நிரல்கள், தாம் மெய்யான பொறியில் இருப்பதாகவே எண்ணி வேலை செய்யும். புறக் கணினியோ எக்கணமும் கடிவாளத்தைத் தன் கையிலே வைத்திருக்கும். கோப்பு என்றால் பிரதி செய்யலாம் அன்றோ? ஒரு பொறியைச் செம்மையாக அமைத்து, அக்கோப்பை இருபது கணினிகளுக்குப் பிரதி செய்தால், இருபது பிள்ளைகளுக்கும் ஒரே பொறி கிடைத்துவிடும்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞான நிலையத்திலே, ரொபேட் கிறீசி முதலானோர் 1960 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இதற்கு உழைத்தனர். சி.பி.-40 எனப்பட்ட அவர்களது அமைப்பு 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஓர் அறையை நிரப்பும் ஒரே கணினி, 14 பேர் வரைக்கும் ஆளுக்கொரு தனிக் கணினிபோலத் தோற்றமளித்தது. அந்நாளிலே கணினியின் விலை யானை விலை. ஒன்றைப் பலராக்கிக் காட்டுவதே நோக்கமாக இருந்தது. 1999 இல் வீ.எம்.வெயார் நிறுவனம் இவ்வித்தையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2005 இலும் 2006 இலும் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் தம் நுண்செயலிகளிலேயே இதற்கு வேண்டிய துணையைப் பொதித்தன. 2007 இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்து, பின்னர் 2010 முதல் ஒரக்கிள் நிறுவனத்தின் உடைமையான வேர்ச்சுவல் பொக்ஸ் என்னும் மென்பொருளின் அடிப்படைப் பொதியைக் காசு கொடாமலே எவரும் பெறலாம். நமது பாடசாலைகளுக்கு இந்த இறுதிச் செய்தியே முக்கியமானது.

பிரதி செய்தால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. முதற் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் கைபட்ட பொறிகள் மறுபடியும் வேறுபட்டுவிடும். இதற்கு இரண்டு பரிகாரங்கள் உள.

ஒன்று, ஸ்னாப்ஷொட் எனப்படும் கணப்பதிவு. தேசப்படத்தின் மேல் ஊடுதெரியும் மெல்லிய தாளை விரித்து, அத்தாளில் மாத்திரம் கோடு கீறும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். தாளை அகற்றினால் படம் பழையபடியே இருக்கும். கணப்பதிவு செய்த பின், மூலவட்டை எவரும் தொடுவதில்லை; மாற்றங்கள் யாவும் வேறொரு கோப்பில் எழுதப்படும். அக்கோப்பை நீக்கினால் பொறி பதிவு செய்த கணத்துக்கே மீண்டுவிடும். காலைப் பிரிவுக்கும் பிற்பகற் பிரிவுக்கும் இடையில் ஓர் அறையை முழுவதும் புதுப்பிக்கச் சில நிமிடங்களே செல்லும்.

மற்றையது, செய்முறையை எழுத்திலே வடித்து வைத்தல். இதனை நம் தாய்மார் எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு வீட்டில் சுட்ட அச்சுப் பலகாரத்தை ஓலைப்பெட்டியிலே வைத்து அயல்வீட்டுக்கு அனுப்புவது ஒரு வகை. பக்குவத்தை எழுதி அனுப்புவது இன்னொரு வகை. மெய்நிகர் பொறியின் கோப்பை அனுப்புவது முதலாவதை ஒக்கும். அதன் பக்குவத்தை ஒரு சிறு எழுத்துக் கோப்பிலே, ‘இன்ன இயக்க முறைமையை எடு, இத்துணை நினைவகம் கொடு, இன்னின்ன மென்பொருள்களை நிறுவு’ என்று எழுதி அனுப்புவது இரண்டாவதை ஒக்கும். 2010 இல் மிச்சல் ஹஷிமோட்டோ என்பவர் வெளியிட்ட வேக்ரன்ற் என்னும் கருவி இவ்வேலைக்காகவே பிறந்தது. பக்குவக் கோப்பைக் கொடுத்து ஒரே கட்டளையிட்டால் பொறியை அதுவே கட்டியெழுப்பும். வேறொரு கட்டளையால் அழித்தும் விடும். பல இலட்சம் பங்கு பெரிதான பொறியை ஒரு பக்கத் தாளில் அடக்கிவிடலாம் என்பதும், எது ஏன் நிறுவப்பட்டது என்பதை ஆசிரியர் எவரும் வாசித்தறியலாம் என்பதும் இதன் சிறப்பு.

ஆனால் இங்கேயொரு கண்ணி இருக்கின்றது. ‘கறித்தூள் தேவையான அளவு’ என்று எழுதிய பக்குவத்தை நம்பிச் சமைத்தால் வீட்டுக்கு வீடு கறி வேறுபடாதா? அதுபோலவே, ‘பைதனை நிறுவு’ என்று மாத்திரம் எழுதினால், இந்த வருடம் ஒரு பதிப்பும் அடுத்த வருடம் வேறொரு பதிப்பும் வந்து அமரும். பதிப்பின் இலக்கத்தைப் புள்ளி பிசகாமல் எழுதுதல் வேண்டும். என்னைக் கேட்டால், பக்குவக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு மாத்திரம் அதனாற் கட்டி முடித்த பொறியையே பிரதி செய்து வழங்குவது மேல் என்பேன். பரீட்சை நாள் காலையிலே ஒவ்வொரு கணினியும் இணையத்திலிருந்து மென்பொருளைத் தருவித்துக் கொள்ளட்டும் என்று விடுவது, விருந்தினர் வந்த பின் அரிசி வாங்கக் கடைக்கு ஆளனுப்புவது போலாகும்.

இவ்வழியை ஒரு நாடே கைக்கொண்ட வரலாறு பின்லாந்திலே உண்டு. அங்கே மேல்நிலைப் பாடசாலைக் கல்வியின் முடிவில் நடைபெறும் மற்றிக்குலேசன் பரீட்சை, 1852 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சையாகத் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாளிலே எழுதிவந்த அப்பரீட்சையை, 2016 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜேர்மன், புவியியல், மெய்யியல் ஆகிய பாடங்களோடு கணினிக்கு மாற்றத் தொடங்கினர். 2019 இளவேனிற் காலத்திற் கணிதமும் சேர்ந்ததோடு மாற்றம் நிறைவெய்தியது. அவசரப்படாமல் பாடம் பாடமாக மூன்று ஆண்டுகளிற் செய்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

அவர்களும் நமக்குள்ள சிக்கலையே எதிர்கொண்டனர். பரீட்சார்த்திகள் தத்தம் மடிக்கணினிகளையே கொண்டுவந்தார்கள்; ஆயிரமாயிரம் கணினிகள், ஆளுக்கொரு வகை. இதற்கு அவர்கள் கண்ட உபாயம் யாதெனில், லினக்சை அடிப்படையாகக் கொண்ட பரீட்சை முறைமை ஒன்றை யூ.எஸ்.பி. குச்சியிலே பதித்துக் கொடுத்து, அதிலிருந்தே மடிக்கணினியைத் தொடக்கச் செய்ததாகும். கணினியின் சொந்த வட்டு தீண்டப்படாமல் உறங்கும். எல்லாப் பிள்ளைகளின் திரையிலும் ஒரே மேசை, ஒரே லிப்ரே ஒபிஸ், ஒரே ஜியோஜெப்ரா. விடைகள் பாடசாலையிலிருந்த பரீட்சைச் சேவையகத்துக்கு உள்ளக வலையமைப்பின் வழியே சென்றன. வெளி இணையத்துக்கு வாசல் இல்லை. அச்சேவையகத்தை வேர்ச்சுவல் பொக்சில் இயங்கும் மெய்நிகர் பொறியாகவே பாடசாலைகள் நிறுவலாம் என்பதும், அதனை நிறுவவும் புதுப்பிக்கவும் நக்சு என்னும் சிறு கருவியைப் பரீட்சைச் சபையே வெளியிட்டது என்பதும் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்திகள்.

சேவையகத்தை மெய்நிகர் பொறியாக்கியவர்கள், பரீட்சார்த்தியின் கணினியை அவ்வாறு செய்யாமல் குச்சியிலிருந்து தொடக்கியது ஏன்? காரணம் எளிது. சேவையகம் பாடசாலையின் பொறுப்பிலே, பூட்டிய அறையில் இருப்பது. பரீட்சார்த்தியின் கணினியோ அவருடைய உடைமை. அதில் மெய்நிகர் பொறியை இயக்கினால், கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் பொறிக்கு வெளியே, தன் சொந்தக் கணினியிலே, குறிப்புக்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் காவலனுக்கு மதிலுக்கு வெளியே நடப்பது தெரியாது.

அபிட்டி எனப் பெயரிட்ட இம்முறைமையைப் பின்லாந்தார் பாடசாலைகளின் சாதாரண வகுப்புப் பரீட்சைகளுக்கும் இலவசமாகவே வழங்கினர். ஆகவே பிள்ளைகள் பெரிய பரீட்சையன்று புதிய கருவியைக் கண்டு மிரளவில்லை. ஆறு மணி நேரம் வரை நீளும் அப்பரீட்சையில் அவர்கள் முன்னிருந்தது ஈராண்டு பழகிய மேசையே. பிற்பாடு அபிட்டியின் இரண்டாம் தலைமுறையும் உருவாக்கப்பட்டது. எனினும் ஒரே சூழலை எல்லோர்க்கும் வழங்குதல் என்னும் கருத்து முதல் தலைமுறையிலேயே நிலைபெற்றுவிட்டது.

நமது கணினி அறைக்குத் திரும்புவோம். பரீட்சார்த்திகள் இங்கே தத்தம் கணினியைக் கொண்டுவருவதில்லை; பாடசாலையின் கணினியிலே மேற்பார்வையாளரின் கண்முன் எழுதுகின்றனர். ஆதலால் மெய்நிகர் பொறி போதுமானது. நான்கு ஜிகாபைற்று நினைவகமுள்ள பழைய கணினியும், எளிய மேசைச் சூழலோடு கூடிய லினக்ஸ் பொறிக்கு ஒன்றரை ஜிகாபைற்றை விட்டுக்கொடுக்க வல்லது. சில கணினிகளில் நுண்செயலியின் மெய்நிகர்த் துணை அணைக்கப்பட்டுக் கிடக்கும். கணினி தொடங்கும்போது தோன்றும் அமைப்புத் திரையிலே அதனை இயக்கிவிடல் வேண்டும். இன்றேல் 64 பிற்றுப் பொறி எழும்பவே மாட்டாது. இதனைப் பரீட்சைக்கு முதல் நாளன்று கண்டுபிடிப்போர் படும் பாடு சொல்லுந்தரமன்று.

பிரதி செய்யும் நேரத்தையும் கணக்கிடல் வேண்டும். பொறியின் கோப்புப் பத்து ஜிகாபைற்று என்போம். பாடசாலை வலையமைப்பின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிற்று ஆயின், ஒரு கணினிக்குச் சென்று சேர 800 விநாடி, அஃதாவது பதின்மூன்று நிமிடத்துக்கு மேல், தேவை. இருபது கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பினால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். வேகமான புறவட்டு ஒன்றைக் கையிலே எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடப்பது இதனினும் விரைவு. விஞ்ஞானம் எத்துணை வளர்ந்தாலும் கால்களுக்கு ஓய்வில்லை!

நடந்து முடிந்ததும், ஒவ்வொரு பிரதியும் மூலத்தை ஒத்ததா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஷா-256 என்னும் கணிப்பு உதவும். எத்துணைப் பெரிய கோப்பாயினும் 64 குறிகளால் ஆன ஒரு கைரேகையை அது தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். பிரதிகளைப் பெயர்ப்பதிவு செய்யும்போது வலையமைப்பு முகவரி ஒவ்வொன்றுக்கும் வேறாக அமையும்படி தெரிவு செய்தல் அவசியம். இல்லாவிடின் ஒரே முகவரியுள்ள இருபது பொறிகளும் ஒன்றையொன்று இடறும். கணப்பதிவைப் பொறி அணைந்திருக்கும் நிலையில் எடுப்பதே நன்று. இயங்கிக்கொண்டிருக்கையில் எடுத்தால், மீட்கும்போது பழைய நாளின் மணிக்கூட்டோடு விழித்தெழும். விடைக் கோப்புக்களில் போன மாதத் திகதி பதிந்து வீண் வழக்குக்கு இடமாகும்.

பரீட்சையன்று பொறியின் இணைய வாசலை மூடி, உள்ளக வலையமைப்பை மாத்திரம் திறந்து வைக்க வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே எழுத்துக்களை வெட்டி ஒட்டும் வசதியையும் நீக்கிவிடல் நன்று. இவையெல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பொறியைப் பழைய நிலைக்கு மீட்டால் மாணவன் எழுதிய விடையும் அழிந்துவிடும். ஊடுதெரி தாளிலே கீறிய கோடுகள் தாளோடு போவது இயல்புதானே? இரண்டு மணி நேர உழைப்பு ஒரு சொடுக்கிலே மறைந்தால், அந்தப் பிள்ளையின் முகத்தை எந்த ஆசிரியரால் நிமிர்ந்து பார்க்க முடியும்? ஆகையால் விடைகள் பொறிக்குள்ளே தங்கலாகாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆசிரியரின் கணினிக்குத் தாமாகவே பிரதியாகும்படி அமைத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டை மறந்தவர் இலர். திடீரென மின்சாரம் நின்றாலும் இழப்புச் சில நிமிடங்களோடு முடியும். பரீட்சை முடிந்ததும் கோப்புக்களை எண்ணி, வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இரண்டாம் ஆசிரியர் ஒருவரும் கையொப்பமிட்ட பின்னரே மீட்கும் கட்டளையை இடலாம். இம்முறையைச் சிலர் அதிகாரிகளின் சடங்கு என்று நகைக்கின்றனர். வினாத்தாள் உறையின் முத்திரையும் ஒருவகைச் சடங்குதான். அதனை உடைத்துவிட எவரும் துணிவதில்லையே.

திருத்தும் வேளையிலும் அதே பொறியே வேண்டும். பிள்ளை ஒரு சூழலில் எழுதிய நிரலை, ஆசிரியர் தம் வீட்டுக் கணினியில் வேறொரு சூழலில் இயக்கிப் புள்ளியிட்டால், மேலே சொன்ன மாணவிக்கு நேர்ந்தது மறுவாசல் வழியே மீண்டும் நேரும். ஒரே பொறியிலே எல்லா நிரல்களுக்கும் ஒரே உள்ளீடுகளைக் கொடுத்து, விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இருபது நிரல்களை அரை மணி நேரத்தில் ஒரு முறை சோதித்துவிடலாம். பிறகு நிரலின் போக்கையும் சிந்தனையையும் ஆறுதலாக வாசித்துப் புள்ளியிட ஆசிரியருக்கு நேரம் மிஞ்சும்.

புள்ளிகள் வெளியான பின்னும் பொறியை அழித்துவிடலாகாது. மீள்திருத்தம் கேட்டு வரும் பெற்றோர் முன்னிலையிலே, பரீட்சையன்று இருந்த அதே பொறியைத் திறந்து, அதே நிரலை இயக்கிக் காட்டினால், வாய்த்தர்க்கத்துக்கு இடமிராது. நான் அறிந்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு தவணையின் பொறியையும் இரண்டு புறவட்டுக்களிலே பதித்து, ஒன்றைக் கணினி அறையிலும் மற்றையதை அதிபரின் இரும்பு அலுமாரியிலும் வைக்கின்றார். கைரேகையின் 64 குறிகளையும் பேனையாலே பதிவேட்டில் எழுதி, அதன் கீழே திகதியிட்டு, அதிபரின் ஒப்பத்தையும் பெற்றுக்கொள்ளுகின்றார். சென்ற தவணைப் பரீட்சையின் பின் அவ்வலுமாரி இருமுறை திறக்கப்பட்டது. ஒருமுறை புள்ளி கூடியது. மற்றொரு முறை கூடவில்லை. இரு வீட்டுப் பெற்றோரும் திரையைப் பார்த்துவிட்டே வீடு திரும்பினர்.